திருப்பிச் சொன்னவன் பேசுகிறேன்

தணிகை மலையின் நிழல் நீண்டு வந்து நம் தலை தடவும் இந்த மாலையில் தலைமை தாங்கும் ஐயா சாமிநாதன் அவர்களே! மேடையை அழகு செய்யும் ஆன்றோர்களே! முன்வரிசையைப் பிடித்துவிட்டு யாருக்கும் விட்டுக்கொடுக்காத பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பேச்சைக் காதிலும் தாங்கி நிற்கும் தாய்மார்களே! ஆர்.கே.பேட்டையிலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவாளத் தோழர்களே! திருவாலங்காட்டிலிருந்து வண்டி கட்டி வந்த உழவர் பெருமக்களே! வணக்கம். வணக்கம்.

இரண்டு முறை வணக்கம் சொன்னதற்குச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்! அந்த இரண்டாவது வணக்கத்தில்தான் என் பிழைப்பே இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். நான் உங்கள் முகங்களைப் பார்த்துப் பேச மாட்டேன். அதோ, இடப்பக்கப் பந்தற்காலில் கட்டிய வாழைமரத்தைத்தான் பார்ப்பேன். முகங்களைப் பார்த்தால் எனக்குச் சொற்கள் சிதறிவிடும். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். மைக்குக்கார அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், காது கூசுகிறது. ஆங், போதும். நன்றி.

யார் இவன் என்று கேட்கிறீர்களா? நெசவாளர் தெரு எல்லப்பன் மகன் துரைக்கண்ணு. பங்காரு வாத்தியார் கூத்துச் சபையில் எட்டு ஆண்டுகளாகப் பின்பாட்டுக்காரன். வேஷக்காரர் முன்னே ஓர் அடி பாடுவார். பின்னே நிற்பவன் அதே அடியை வாங்கித் திருப்பிப் பாடுவான். நான் மேடையேறிச் சொந்தமாகப் பேசுவது இன்றுதான் முதல் தடவை! இந்த ஏற்றமும் இறக்கமும் இதே திடலில் பேசிய பெரிய பேச்சாளர்களிடம் கேட்டு எடுத்துக்கொண்டவை. சொல் மட்டும் என்னுடையது.

பெரியோர்களே! நாலு வயது வரை நான் வாய் திறக்கவில்லை. திறந்தபோதோ, கேட்டதையே திருப்பினேன். 'தண்ணி வேணுமா?' என்றால் 'தண்ணி வேணுமா?' என்பேன். மேளம் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு தறிக்குழிக்குள் இறங்கி, தறி மிதிக்கிற நைனாவின், என் அப்பாவின், காலடியில் உட்கார்ந்துகொள்வேன். மலைப்படி முந்நூற்று அறுபத்தைந்தையும் எண்ணிக்கொண்டே ஏறுவேன். நடுவில் யாராவது கூப்பிட்டு எண்ணிக்கை தவறினால், அழுதுகொண்டே கீழே இறங்கி முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குவேன். முருகனே என்னைப் பார்த்துச் சலித்திருப்பான்!

கிறுக்கு என்றார்கள். செவிடு என்றார்கள். திமிர் என்றார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குச் சோதனை செய்ய ஓர் அதிகாரி வந்தார்.

"உன் பேரு இன்னா?" என்றார்.

"உன் பேரு இன்னா?" என்றேன்.

"டேய், யாருன்னு நெனச்சிகினு பேசற?"

"டேய், யாருன்னு நெனச்சிகினு பேசற?"

அன்றோடு முடிந்தது என் படிப்பு! கன்னம் மூன்று நாள் வீங்கியிருந்தது. நான் கேலி செய்யவில்லை ஐயா. அவர் குரல் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் என் தாய் தாயாரம்மாள் ஒருத்தி இருந்தாள். தினமும் கேட்பாள், "சாப்ட்டியாடா?" நானும், "சாப்ட்டியாடா?" என்பேன். அவள் அடித்தாளா? அலுத்துக்கொண்டாளா? இல்லை! "ஆங், சாப்ட்டேன்டா கண்ணு" என்று பதில் சொல்வாள். உலகத்திலேயே என் எதிரொலியை ஒரு கேள்வியாக மதித்துப் பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவள் சாப்பிடாத நாட்களிலும் அதையே சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

எனக்குப் பதினைந்து வயதானபோது நைனா ஒரு முடிவுக்கு வந்தார். வடக்கே ஓர் ஊரில் ஒரு வைத்தியர் இருந்தார். புத்தி கெட்டவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்துக் குணப்படுத்துவாராம். "எத்தினி நாளுதான் இவன வெச்சிகினு அல்லாடறது? திங்கக்கெழம கொண்டுபோய் உட்டுட்டு வந்துட்றேன்" என்றார். அவர் கொடியவர் இல்லை. ஊர் அடிப்பதைப் பார்க்கச் சகிக்காதவர். அம்மா என் துணிகளை மூட்டை கட்டி மூலையில் வைத்தாள்.

திங்கட்கிழமைக்கு முதல் நாள் ஞாயிறு. அந்த ஞாயிற்றில்தான் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து முடியும் படுகளம்! மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் முழுக்க மல்லாந்து கிடக்கிறான். காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கடைசியாகப் பிள்ளைக்கு அம்மன் திருநீறு வாங்கிவிடலாம் என்று என்னையும் இழுத்து வந்திருந்தார்கள். துரியோதன வேஷத்தில் பங்காரு வாத்தியார் பாடுகிறார்: 'தொடையில் அடிப்பதும் தருமமா?' பின்பாட்டு வேதாசலத்துக்கோ பத்து நாள் பாடித் தொண்டை கட்டிவிட்டது. வாய் திறக்கிறார், காற்றுதான் வருகிறது. பாட்டு பாதியில் தொங்குகிறது!

என்னால் தாங்க முடியுமா? ஒருவர் சொன்னது திரும்பி வராமல் நிற்கிறதே! கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்தேன். 'தொடையில் அடிப்பதும் தருமமா?' என்று அதே சுருதியில், அதே இழுப்பில் திருப்பினேன்.

அடுத்து என்ன நடந்தது தெரியுமா? படுகளத்தில் ஆவேசம் வருவது வழக்கம் அல்லவா? எனக்கும் சாமி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்! ஓர் அம்மாள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் கொட்டினாள். பூசாரி வேப்பிலையோடு ஓடி வந்தார்.

"யாரு வந்துகீறீங்க?"

"யாரு வந்துகீறீங்க?"

"தாயே, உனக்கு இன்னா வேணும்?"

"தாயே, உனக்கு இன்னா வேணும்?"

அம்மனே நம்மை வரம் கேட்கச் சொல்கிறாள் என்று அலறிக்கொண்டு விழுந்தது கூட்டம்! "எம் பொண்ணுக்கு மாப்ள வேணும் தாயே!" என்கிறார் ஒருவர். "மழ வேணும்!" என்கிறார் ஒருவர். அதோ நாலாவது வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் சிரிப்பது கேட்கிறதே, நீங்களும் விழுந்தீர்கள் ஐயா, அந்தக் குரல் எனக்கு நினைவிருக்கிறது!

நைனா பதறிப்போனார். சாமி குற்றமாகிவிடுமே என்று என்னை அடிக்கக் கை ஓங்கினார். பங்காரு வாத்தியார் மட்டும் அசையவில்லை. கிரீடத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு என் எதிரே வந்து நின்றார். புதிதாக ஓர் அடி பாடினார். திருப்பினேன். இன்னும் கடினமாக ஒன்று பாடினார். அதையும் திருப்பினேன்!

"சாமியும் இல்ல, பேயும் இல்ல, எழுந்திருங்கய்யா!" என்று முழங்கினார். "இது பின்பாட்டு!"

நைனா கைகூப்பினார். "அவனுக்கு ஒன்னும் தெரியாதுங்க. சொன்னதயே திருப்பித் திருப்பிச் சொல்வான்."

"எனக்கு அதான்யா வேணும்!"

கேட்டீர்களா! எந்தக் குற்றத்துக்காக என் கன்னம் வீங்கியதோ, அதற்குக் கூத்தில் ஓர் இடம் இருந்தது, ஒரு பெயர் இருந்தது, தாளக்காரர் பக்கத்தில் நிற்க ஒரு சாண் நிலம் இருந்தது! அங்கே யார் முகத்தையும் நான் பார்க்க வேண்டியதில்லை. எப்போது வாய் திறக்க வேண்டும் என்று தாளமே சொல்லிவிடும். சங்கிலிக்குப் போக இருந்த மூட்டை திங்கட்கிழமை சபை வண்டியில் ஏறியது. நானும் ஏறினேன்.

தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் வீட்டிலும் காதைப் பொத்திக்கொள்ளும் ஒரு பிள்ளை இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளை கெட்டுப்போனதா? யார் சொன்னது? நிற்பதற்கு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே! இடம் தேடுங்கள்! எங்கள் சபையிலே கேளுங்கள், நாடகக் கொட்டகையிலே கேளுங்கள், பஜனைக் கூடத்திலே கேளுங்கள், கதவைத் தட்டிக் கேளுங்கள்! சங்கிலியை மட்டும் தேடாதீர்கள்!

முடிக்கிறேன். இவ்வளவு நேரமும் ஒரு வாழைமரத்தையே பார்த்தேன் அல்லவா? அதன் கீழே என் தாயாரம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் அங்கே உட்காரச் சொன்னேன். இந்த உலகத்தில் நான் திருப்பிச் சொல்லாமல், நானாகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. எட்டு ஆண்டுகளாக மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறேன். அம்மா! சாப்ட்டியாம்மா?

... என்ன சொல்கிறாள்? கொஞ்சம் அமைதியாக இருங்கள் ஐயா, அழுதுகொண்டே ஏதோ சொல்கிறாள்.

"நீ சாப்ட்டியாடா?" என்கிறாள்!

இன்னும் இல்லம்மா. வரேன், ரெண்டு பேருமா சாப்டலாம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.

என்ன, இரண்டாவது வணக்கத்துக்குக் காத்திருக்கிறீர்களா? இந்த முறை அதை நீங்கள் சொல்லுங்கள்.