கவுன் மடிப்பில் கறை

— வாயைத் திறங்கக்கா. ஒரே ஒரு மாத்திரைதானே?

— வேணாம் சிஸ்டர்.

— அண்ணா, நீங்களாவது உங்க சம்சாரத்துக்குச் சொல்லுங்க. காலையிலிருந்து இதே கூத்துதான்.

— நான் சொல்லிக் கேக்கற ஆளா சிஸ்டர் இவ? வாய் கோணிப்போச்சு, வலது கை தூக்க வரல. பிடிவாதம் மட்டும் நட்டமா நிக்குது.

— கட்டிங் மாஸ்டர், வெட்டறதைத் துணியோட நிறுத்திக்குங்க.

— பாத்தீங்களா? பேச்சுதான் குழறுது, வாய் குறையல. வாயாடின்னு சும்மாவா பேர் வெச்சேன்!

— சிரிக்கிற விஷயமில்லண்ணா. முப்பத்தோரு வயசுல பக்கவாதம். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, இவங்க ரத்தத்தையே எதிரின்னு நெனச்சுக் கிளம்பிடுது. ரத்தம் கண்ட இடத்துல கட்டிக்குது. அன்னிக்குக் கால்ல கட்டுச்சு, இப்ப மூளையில. ஆயுசுக்கும் மாத்திரை வேணும்.

— தெரியும் சிஸ்டர். கால் வீங்கினப்பவே டாக்டர் சொன்னாரு. தினமும் நானே எடுத்து இவ கையில குடுக்கறேன். அப்புறம் எப்படி வந்துச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல!

— சேத்தப்ப எடுத்த ரத்தத்துல மாத்திரை வேலை செஞ்ச அடையாளமே இல்லண்ணா. அக்காவையே கேளுங்க. நான் பக்கத்து வார்டைப் பாத்துட்டு வரேன். மாத்திரை இங்கயே இருக்கட்டும்.

— வாயாடி... சிஸ்டர் சொல்றது நெசமா?

— நெசந்தான். உள்ளங்கையில ஒளிச்சு வெச்சுக்குவேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல் வழியா வெளியே போயிடும்.

— அடிப்பாவி! உசுரோட விளையாடியிருக்கியே! ஏன்டி?

— நம்ம கடையில தைக்கற கல்யாணக் கவுனுங்களாலதான், மாஸ்டர். பால் மாதிரி வெள்ளைத் துணி, நான் கைத்தையல் போடற அடிமடிப்புல பாத்தா ரத்தப் பொட்டு. இந்த மாத்திரை சாப்பிட்டா லேசுல ரத்தம் நிக்காதுன்னு டாக்டரே சொன்னாரே. ஊசி குத்தினது எனக்கே தெரியல. விரல் நுனிதான் காய்ச்சுப்போய்க் கெடக்கே.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?

— சொன்னா என்ன பண்ணுவீங்க? தைக்கவே வேணாம்னு மூலையில உக்கார வெச்சிடுவீங்க. கொஞ்ச நாளா கை நல்லா ஓடுச்சு, மடிப்பெல்லாம் சட்டுசட்டுன்னு முடிஞ்சுது. அதைப் போய் விடுவேனா? உப்புத்தண்ணி தொட்டுக் கறையைத் தேச்சு எடுத்துட்டேன்.

— மாத்திரையை நிறுத்தினதும் பொட்டு விழறது நின்னுச்சா?

— அதான் இல்லைங்கறேன்! மருந்து இன்னும் உடம்புல ஊறிக்கெடக்குதுன்னு விட்டுட்டேன்.

— பொட்டு எந்தப் பக்கம் இருந்துச்சு? பின்பக்க மடிப்புலயா?

— ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்? அய்யோ, ஏன் இப்ப அழறீங்க? கை கொஞ்சம் கொஞ்சமாத் தேறிடும்னாங்களே. தேறினதும் தைக்கத்தான் போறேன். இந்த மாத்திரை மட்டும் வேணவே வேணாம். ஒரு பொண்ணு ஆசை ஆசையாப் போட்டுக்கப்போற துணியில என் ரத்தமா?

— இந்தா, என் இடது கை விரலைப் பாரு.

— என்னங்க இது, நுனியெல்லாம் இத்தனை குத்து? கத்திரி பிடிக்கற ஆளுக்கு இது எப்படி வந்துச்சு?

— உனக்குக் கால் வீங்கினதுலேர்ந்து, மத்தியானம் நீ கண் அசர்ற நேரத்துல பின்மடிப்பை நான்தான் தைச்சு வெச்சேன். தெரிஞ்சா விடமாட்டியேன்னு சொல்லல. நீ எழுந்து வந்து, 'இவ்வளவு தைச்சுட்டேனா நான்?'ன்னு பூரிச்சுப்போவே. அதைப் பாக்க எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

— மாஸ்டர்...

— வாயைத் திற தாயே, மாத்திரையை முழுங்கு. உன் கையிலேர்ந்து ஒரு சொட்டுகூட விழல. அத்தனையும் என் ரத்தம்டி.