இந்தத் தடவை பேய் யாரு?

— பொறுடி, பிக்குன். இன்னைக்கு வர்ற பாகத்தை மட்டும் பாத்துட்டு வரேன்.

— அம்மா, பையைக் கட்டுன்னு சொன்னேன். சாயங்காலம் கோன் கேன் டவுனுக்குக் கடைசி பஸ். உன்னை ஊரைவிட்டுத் துரத்துறதே அந்த டிவி நாடகம்தான். அதையா உட்காந்து பாக்கப் போற?

— ‘பசித்த வீடு’ என்னடி பாவம் பண்ணுச்சு? அதைத் திட்டாத.

— என்ன பண்ணுச்சா? பச்சை இறைச்சியைக் கொத்திப் பிசைஞ்சு லாப் விக்கிற விதவைதான், ராத்திரியில ஆளுங்க குடலைத் தின்னுற ‘பொப்’ பேய். இதுதானே கதை? இந்த ஊர்ல பச்சைக்கறி லாப் விக்கிற விதவை யாரு? நீ ஒருத்திதான்!

— அது நாடகத்துல. ஊர்ல அப்படியா நினைக்கிறாங்க...

— நினைக்காமத்தான் உன் கூரையில கல்லு விழுந்துச்சா? தைவான்ல வேலை பாத்துட்டு லீவுக்கு வந்த பையன் தூக்கத்துலயே போயிட்டான். இதயம் நின்னுடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அவர் பேச்சு இவங்களுக்குப் பத்தல. பேயை மூங்கில் குழாய்ல அடைச்சு எரிக்கிற மந்திரவாதியைக் கூட்டிட்டு வர வீட்டுக்கு வீடு வசூல் பண்றாங்க. நீயும் கொடுத்தியாமே!

— கொடுக்கலைன்னா சந்தேகப்படுவாங்கடி.

— ஐயோ! உன்னை மூங்கில் குழாய்க்குள்ள பிடிச்சுப் போட்டு எரிக்க நீயே காசு கொடுத்தியா?

— என்னை எங்கடி எரிப்பாங்க, பேயைத்தான். கத்தாத, வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும்.

— கேக்கட்டும்! கேக்கணும்னுதான் கத்துறேன். பஸ்ஸை விட்டு இறங்கினா எல்லா வாசல்லயும் பேய் விரட்ட சிவப்புச் சட்டை தொங்குது. நம்ம வாசல்லயும் ஒண்ணு. பேய்னு சொல்றது உன்னை. நீயே உனக்கு எதிராச் சட்டை தொங்கவிட்டிருக்க!

— தோங்முவன் தச்சுக் கொடுத்தா. பாவம், ஊருக்கே அவதான் தச்சா. வேண்டாம்னா நல்லா இருக்குமா?

— இந்த நல்லதனம்தான் உன்னைச் சாகடிக்கப் போகுது. எழுந்திரு.

— சொல்றேன் கேளு, என் கண்ணு. இப்ப நிலைமை மாறிடுச்சு. ஒரு மாசமா கடைப் பக்கம் ஒரு ஈ எட்டிப் பாக்கல. நேத்து ஊர்த்தலைவர் பொண்டாட்டியே வந்து லாப் வாங்கிட்டுப் போனா. வறுத்த அரிசிப் பொடி தூக்கலாப் போடச் சொன்னா. ராத்திரி கல்லும் விழல.

— ஏன்? திடீர்னு எல்லாருக்கும் புத்தி வந்துடுச்சா?

— கதையை மாத்திட்டாங்கடி. நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப வந்துச்சே அந்தப் பழைய ‘பசித்த வீடு’, அதுல லாப்காரியைத்தான் எரிப்பாங்க. அதனால இதுலயும் அவதான்னு எல்லாரும் நினைச்சுட்டு இருந்தாங்க. புதுசுல அவ அப்பாவி. நிஜப் பேய், தையல்காரி ஜன்.

— ஜன்னா? மூலையில உட்காந்து பொத்தான் தைக்குமே, அதுவா? அதுக்கு ரெண்டு வசனம்கூடக் கிடையாது.

— அதனாலதான் யாரும் சந்தேகப்படல. இனிமே வர்ற பாகத்துல பாரு.

— அம்மா, எனக்கும் ஃபோன் இருக்கு. ரசிகர் பக்கம் ஒண்ணு விடாம படிச்சேன், உனக்காக. பாதிப் பேர் லாப்காரியை எரிப்பாங்கன்னு சண்டை போடுறாங்க. பாதிப் பேர் புத்த பிக்கு ஒருத்தர் வந்து காப்பாத்துவாருங்கிறாங்க. தையல்காரின்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட எழுதல. உனக்கு யாரு சொன்னா?

— ஊரே பேசுதுடி.

— ஊருக்கு யாரு சொன்னா?

— வெளியில யாரோ கூப்பிடுறாங்க. நீ போகாத. பொறு, பொறு.

— சம்ரிட் அக்கா! கதவைத் திறங்க. பிக்குன் வந்திருக்காளாமே?

— தோங்முவன் சித்தி குரல். எதுக்கும்மா கையைப் பிடிக்கிற? விடு.

— மெதுவாப் பேசு. நான்... நீ சொன்னதா சொல்லிட்டேன்.

— என்ன சொன்னேன்?

— உன்கூடப் படிச்சவ அந்த ஸ்டுடியோவுல வேலை பாக்குறா, தையல்காரிதான் பேய்னு அவ உன்கிட்ட சொன்னான்னு. நான் சொன்னா யாருடி நம்புவா? இந்த ஊர்லயே பட்டம் வாங்கினவ நீதான். பட்டம் வாங்கினவ பொய் சொல்வாளா?

— சீ! இந்த ஊர்ல தையல்காரி யாரு? சித்தி ஒருத்திதானே? உனக்குச் சட்டை தச்சுக் கொடுத்தவங்கம்மா அவங்க!

— வேற யார் இருக்கா? தலைவர் பொண்டாட்டியைச் சொன்னா நம்பிடுவாங்களா?

— இன்னைக்கு நாடகத்துல ஜன் பேய் இல்லைன்னா?

— அடுத்த வாரம்னு சொல்வேன். ஊர்க்காரங்க காத்திருப்பாங்க. மந்திரவாதி நாளைக்கே வந்துட்டுப் போயிடுவான்.

— நான் போய் எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்றேன். கையை விடு.

— சொல்லு, போ. நேத்துதான் நான் கல்லுக்குப் பயந்து சமையல்பாத்திரத்தைத் தலைமேல கவுத்துக்காம தூங்கினேன். போய்க் கதவைத் திறந்து சொல்லு.

— பிக்குன், கண்ணு, வந்துட்டியா. நல்லவேளை. ஐயோ, இளைச்சுட்டியே.

— சித்தி, உங்க நெத்தியில என்ன ரத்தம்?

— கூரையில கல்லு பட்டு ஓடு உடைஞ்சு விழுந்துச்சு. அதை விடு. கொஞ்சம் முன்னாடி கதவைத் திறந்து பாக்குறேன், வாசல்ல மலை மாதிரி சிவப்புச் சட்டை. நான் தச்சது அத்தனையும் கொண்டுவந்து கொட்டியிருக்காங்க. பேய் தச்ச சட்டைக்கு எப்படிப் பேய் பயப்படும்னு கேக்குறாங்க. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல கண்ணு.

— சித்தி...

— நீதான் சொன்னியாம், தையல்காரிதான் பேய்னு. நான் நம்பல. நீ பல்கலைக்கழகத்துக்கு முதல் நாள் போட்டுப் போன கறுப்புப் பாவாடை நான் தச்சது. இடுப்புல ரெண்டு விரல் விட்டுத் தச்சேன், விடுதிச் சோத்துல நீ குண்டாயிடுவன்னு. நீயா சொல்லுவ? தலைவரைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன். வேலிக்கிட்ட நிக்கிறாரு பாரு, பாதி ஊரும் கூடவே. ‘நான் அப்படிச் சொல்லல’ன்னு ஒரு வார்த்தை அவங்க காதுல விழுற மாதிரி சொல்லு. போதும்.

— தலைவர் என்ன சொல்றாரு?

— அவர் கிடக்காரு. ‘தையல்காரி இல்லைன்னா அப்ப லாப்காரிதானா’ன்னு கேக்குறாரு. யாராவது ஒருத்தி வேணும் அவங்களுக்கு. நீ கவலைப்படாத, நான் அக்கா பக்கத்துலயே நிப்பேன். ரெண்டு பேர் மேலயும் சேத்து எறியட்டுமே, பாத்துடலாம். இல்லையா அக்கா? ஏன் அக்கா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறீங்க?

— பொறு, தோங்முவன். அவ பேசட்டும்.

— பேசு கண்ணு. எல்லாரும் கேக்குறாங்க. நீ அப்படிச் சொன்னியா?

— சொன்னேன், சித்தி.