தடுப்பைத் தூக்கிய காவலர்

மைக் செட்டுக்காரரை முறைத்து முறைத்தே சரிசெய்துவிட்டுத் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் பக்கீர் முஹம்மது பாய் அவர்களே! முன்வரிசையை முந்திப் பிடித்த மூத்தோர்களே! உப்பு வாரிய கையைக் கழுவிய ஈரம் காயாமல் ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே! மரக்காணம் கடலோரத்துச் சொந்தங்களே! ஷேர் ஆட்டோ ஓட்டுநர் சங்கச் செயலாளர் வெற்றிச்செல்வனின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்!

'காவலிலும் போக்குவரத்திலும் மருத்துவத்திலும் கருவிகள் வரமா, வம்பா?' இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய தம்பி பிரபாகரன் வரம் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். பொன்னம்மாள் அக்காவை இடித்துவிட்டுப் பறந்த லாரியைக் காட்டிக்கொடுத்தது எது? சாலையோரக் கேமரா! மறுப்பேனா? மாட்டேன். ஆனாலும் இந்த மேடையில் என்னால் உட்கார முடியவில்லையே! நாளைக் காலை ஒரு காவலரின் வேலை நிலைக்குமா, போகுமா என்றிருக்கும்போது நான் எப்படி உட்காருவேன்?

அவர் பெயர் வேல்முருகன். நம் கடற்கரைச் சாலைச் சோதனைச்சாவடியில் நிற்கிறவர்.

போன சித்திரையில் ஆண்டாள் அக்கா உப்புப் பாத்தியிலேயே மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். வந்தது, வரப்பில் புதைந்தது! காய்ந்து வெளுத்த வரப்பு மேப்பில் சாலையாகத் தெரிந்ததாம். என் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தேன். துணைக்கு மூன்று பெண்கள். நம் பெண்கள் உப்பளத்துக்கு எப்படிப் போவார்கள்? சேலைக்கு மேல் வீட்டுக்காரர் சட்டை, முகம் முழுக்கத் துண்டு, கண் மட்டும் வெளியே. சோதனைச்சாவடிக் கேமரா பார்த்தது. பார்த்து என்ன சொன்னது? 'முகம் மூடிய நான்கு ஆண்கள்!'

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தடுப்பு இறங்கியது. "கார்டு எதனா இருக்குதா?" என்று கேட்டார் வேல்முருகன். பக்கத்தில் இருந்த வைஜெயந்தி பதற்றத்தில் ஆண்டாள் அக்காவின் சட்டைப் பையில் கையை விட்டார். கார்டு வந்தது. யாருடைய கார்டு? சட்டை யாருடையதோ அவருடையது! சிங்காரம் அண்ணே, ஏன் தலையைக் குனிகிறீர்கள்? உங்கள் மீசையும் உங்கள் மனைவி முகமும் எந்தக் கருவியில் பொருந்தும்? சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் மேலிடம் சொல்லாமல் வண்டியை விடக்கூடாது என்பது விதி. மேலிடத்துக்கோ லைன் கிடைக்கவில்லை.

அக்காவுக்குக் கை கால் இழுக்க ஆரம்பித்தது. வைஜெயந்தி கத்தினார்: "ஏம்பா, பொம்பள சாவுறா, உனுக்குக் கண்ணு இல்லியா?"

வேல்முருகன் குனிந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். நிமிர்ந்து தடுப்பைத் தூக்கினார். "வண்டிய எடுப்பா. நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அக்கா பிழைத்தார். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்!

தூக்கியவருக்கு என்ன பரிசு? விதியை மீறினார் என்று நாளைக் காலை விசாரணை! நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். 'மெஷின் ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லிடு, விட்டுடுவாங்க' என்று யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள். நானும் கெஞ்சினேன். "சொல்லிடுங்க சார், புள்ளகுட்டிக்காரரு நீங்க."

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மெஷின் நல்லாத்தான் இருந்துது வெற்றி. ரிப்பேர்னு சொன்னா, மெஷினைத்தான் மாத்துவாங்க. ரூல் அப்படியே இருக்கும். அடுத்த அம்மாவுக்கு எவன் தடுப்பைத் தூக்குவான்?"

ஐயா, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை! கேமரா வேண்டும்! வேண்டாம் என்று யார் சொன்னது? மேப்பு வேண்டும், மருத்துவக் கருவி வேண்டும், அத்தனையும் வரட்டும்! ஆனால் கருவி 'நில்' என்று சொன்ன இடத்தில் 'போ' என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். சொன்ன குற்றத்துக்கு அந்த மனிதரின் சோற்றில் மண் விழக்கூடாது!

அங்கே என்ன தம்பி? 'திருடனை விட்டுட்டா?' என்கிறீர்களா? நல்ல கேள்வி. விட்டவர் பதில் சொல்லட்டும். வேல்முருகன் ஓடியா ஒளிந்தார்? பதில் சொல்லத்தானே நாளை போகிறார்! தனியாகப் போக விடலாமா? நாளை உப்பு வாரும் நாள், வலை இழுக்கும் நாள், எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன், சாட்சி சொல்ல யார் வருகிறீர்கள்?

இதோ, ஆண்டாள் அக்கா எழுந்துவிட்டார். என்னக்கா? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"பேசிக்கினே கீறியே, எத்தினி மணிக்கு வரணும்னு சொல்லுப்பா!"

பத்து மணிக்கு அக்கா! பத்து மணிக்கு!

இனி நான் என்ன பேச? பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், மணியடிக்காமல் விட்ட தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எழுந்து நிற்கும் அத்தனை பேருக்கும் என் வணக்கம்!