நீக்கச் சொன்ன ஒன்பது பேர்

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் இருக்கும் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் பேராசிரியரின் கணவரே, மகளே, வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் செவிலியர்களே, முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் பேசுவோர் பட்டியல் இருக்கிறது. அதில் நான் ‘மற்றும் பலர்’ என்ற இடத்தில் இருக்கிறேன். பரவாயில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக எனக்குப் பழகிய இடம்தான் அது.

நான் நம் கல்லூரி மருத்துவமனையில் வார்டு பதிவேடு எழுதியவன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பிறகு கணிப்பொறி அறைக்கு மாற்றினார்கள். இருபது கணிப்பொறிகள், இரண்டு எப்போதும் ஓடாது. அந்த அறையில்தான் பேராசிரியர், பல காரணங்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் பன்மாறிப் புள்ளியியல் நடத்தினார். மின்விசிறியைப் போட்டுவிட்டு வெளியே போக வேண்டியவன், போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, பலகையில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திரும்பிக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். “அண்ணே சொல்றதுதான் சரி. எல்லாரும் திருத்திக்கோங்க” என்றார். அன்றிலிருந்து நான் எழுந்து போகவில்லை. யாரும் சொல்லித்தராமல் அந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

ஆய்வு மாணவர்கள் யார்? பதினைந்து, இருபது ஆண்டு வார்டில் உழைத்த செவிலியர்கள். நடுராத்திரியில் நின்றுபோன இதயத்தை ஓட வைத்த கைகள், பலகையில் நாலு கிரேக்க எழுத்தைப் பார்த்ததும் நடுங்கும்! அவர்களிடம் பேராசிரியர் எப்படி ஆரம்பித்தார் தெரியுமா?

“ஒரு நோயாளி. வயசு அறுபது. திரும்பிப் பார்ப்பீங்களா?”

“மாட்டோம் மேடம்.”

“நல்லா நடக்கறார். பார்ப்பீங்களா?”

“மாட்டோம்.”

“முதுகுல படுக்கைப் புண். வார்டுல அதுவும் புதுசில்ல. இப்போ சேர்த்துச் சொல்றேன். நல்லா நடக்கறவர், முதுகுல படுக்கைப் புண். என்ன செய்வீங்க?”

வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

“அவ்வளவுதான் பாடம். ஒவ்வொண்ணாப் பார்த்தா தப்பிச்சிடுவார். சேர்த்துப் பார்த்தா மாட்டிக்குவார். மாட்டினவரை விட்டுடாதீங்க.”

நோயாளிக்கு ஒரு புள்ளி என்று போட்ட வரைபடத்தில், கூட்டத்தை விட்டுத் தள்ளி ஒரு புள்ளி தெரிந்தால், அதை நீக்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். அவர் திருப்பிக் கேட்பார்: “கட்டில் நம்பர் என்ன?” போய்ப் பார்த்து, நோயாளியின் ஏட்டைப் புரட்டிவிட்டு வந்த பிறகுதான் பேச்சு. ‘கட்டில் நம்பர் மேடம்’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள். அவருக்குத் தெரியும். பிடிக்கவும் பிடித்தது.

கண்டிப்பானவர்தான். ஆனால் கடுகடுப்பானவரா? ஒரு மாணவி, வயது தெரியாத இடமெல்லாம் 999 என்று போட்டுவைத்து, அது வெற்றிடம் என்று கணிப்பொறிக்குச் சொல்ல மறந்துவிட்டார். வார்டின் சராசரி வயது நூற்றுப் பதினான்கு என்று வந்தது. பேராசிரியர் ஒரு நிமிடம் திரையைப் பார்த்தார். “நல்ல வார்டும்மா. எனக்கு உடம்பு சரியில்லன்னா அங்கயே சேர்த்துடுங்க!” என்றார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரையில் எனக்கு ‘தட்டச்சு உதவி’ என்று நன்றி போட்டார். பாதிக் கணக்கு நான் போட்டது. நான்கு மாதம் பேசாமல் இருந்தேன். “நான் எழுதினதை மேலே மாத்திட்டாங்க அண்ணே. சண்டை போட்டிருக்கணும், போடல. தப்பு என்மேலதான்” என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போனவர் என்பதற்காக நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு சண்டை போட்டாரே! அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம் ஆய்வு மாணவி ஒருவர். ஆறு ஆண்டு உழைப்பு. யாருக்குப் படுக்கைப் புண் வருகிறது என்று நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு. அதில் ஒன்பது பேர் எதிலும் பொருந்தவில்லை. நடக்கக்கூடியவர்கள், நன்றாகச் சாப்பிட்டவர்கள், ஆனாலும் புண். நீக்கிவிட்டால் முடிவு அழகாக வரும். வழிகாட்டியான துறைத் தலைவர் நீக்கச் சொன்னார். பேராசிரியர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மாணவி தேடிப் போனார். பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தது நான்.

ஒருவரின் வயது எழுபத்தொன்று, பதினேழு என்று ஏறியிருந்தது. தட்டியது நான்தான். திருத்தினோம். மீதி எட்டுப் பேர்? எட்டுப் பேரும் வார்டில் இடம் கிடைக்காமல் அவசரப் பிரிவின் நடைபாதையில், ஸ்ட்ரெச்சரில், எட்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தவர்கள். அந்த நேரத்தை எந்தப் படிவமும் கேட்கவில்லை. அதையும் ஒரு மாறியாகச் சேர்த்தார்கள். எல்லாம் பொருந்திவிட்டது.

மூன்று மாதம் முன்பு நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன், திரையை இயக்க. துறைத் தலைவர்தான் ஆரம்பித்தார்.

“ஒன்பது பேர்தானே மேடம்? நானூத்துப் பன்னெண்டுல ஒன்பது பேர் ஒரு கணக்கா?”

“கணக்குதான் சார். அதைச் சொல்லித்தரத்தானே என்னை வேலைக்கு வெச்சிருக்கீங்க?”

“தர ஆய்வுக் குழு வர்ற நேரம். நடைபாதை, ஸ்ட்ரெச்சர்னு எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன். ரெண்டு கட்டில் கூடுதலாப் போடுவாங்கன்னு நினைச்சேன்.”

ஒன்பது பேரை நீக்கிய பிரதியில் பேராசிரியர் கையெழுத்துப் போடவில்லை. வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் புண் வரும் என்று கண்டுபிடிக்க ஆறு ஆண்டு எதற்கு? வார்டு ஆயாவைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாரே!

பிறகு பேராசிரியர் நம்மை விட்டுப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் எனக்கு ஓர் ஆணை வந்தது. ‘புள்ளியியல் பிரிவுப் பொறுப்பாளர்.’ பத்தொன்பது ஆண்டுகள் கேட்டும் கிடைக்காத பொறுப்பு! ஏன் கொடுத்தார்கள்? நாளை காலை பத்து மணிக்கு அந்த ஆய்வேடு குழுவின் முன் போக வேண்டும். புள்ளியியல் பக்கத்தில் ஒரு கையெழுத்து குறைகிறது. படிக்காதவன், கொடுத்த மரியாதைக்கு மயங்கிப் போட்டுவிடுவான் என்று நினைத்தார்கள்.

செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘நேரம் ஆகிறது.’ ஆகட்டும். எட்டு மணி நேரமெல்லாம் பேச மாட்டேன்.

நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. போன வாரம் அந்த மாணவி கணிப்பொறி அறைக்கு வந்து அழுதார். “போட்டுடுங்கய்யா. பதவி உயர்வு போயிடும். ஆறு வருஷமா என் பிள்ளைங்க முகத்தை ஒழுங்காப் பார்க்கல. என்னால இனிமே முடியாது” என்றார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிடிவாதம் பிடிப்பது நான், அடி விழுவது அவருக்கு. எந்த ஊர் நியாயம் இது?

இன்று காலை மறுபடி வந்தார். கையில் இரண்டு பிரதிகள். ஒன்று நானூற்று மூன்று பேர் உள்ளது, இன்னொன்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ளது. “நீங்களே முடிவு பண்ணுங்கய்யா” என்றார். “முடியாதும்மா. ஆய்வு உன்னோடது” என்றேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டினார். பிறகு ஒன்றை என் மேசையில் வைத்தார். மற்றதைக் கையோடு கொண்டு போய்விட்டார். வைத்தது இதுதான். நானூற்றுப் பன்னிரண்டு.

அவரை யாரும் கூப்பிட்டுக் கேள்வி கேட்க வேண்டாம். கேட்பதை என்னிடம் கேளுங்கள். என்னை எங்கே மாற்றுவீர்கள்? மறுபடி பதிவேட்டுக்கா? அங்கே இன்னும் நிறைய இருக்கிறது, தேட!

அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. மன்னிக்க வேண்டும், நான் அதில் சேர மாட்டேன். பேராசிரியர் கேட்ட கேள்விக்கு இந்த மேடை மூன்று மாதமாக மௌனம் காத்துவிட்டது. போதும்.

என்னை அண்ணே என்று கூப்பிட்ட தங்கையே! வகுப்பு நின்றுவிடாது. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு நானே பலகை முன் நிற்பேன், யார் சிரித்தாலும். ஒருவரைக்கூட விசாரிக்காமல் நீக்க விட மாட்டேன். இது உங்கள் கணவர், மகள் முன்னால் நான் தரும் வாக்கு.

இதோ, எல்லோரும் பார்க்கப் போடுகிறேன் என் கையெழுத்தை.

என் பெயருக்குக் கீழே வழிகாட்டிக்கு ஒரு கோடு இருக்கிறது. துறைத் தலைவர் அவர்களே, ஆய்வேட்டை உங்கள் முன்னால் வைக்கிறேன். பேனாவை மூடவில்லை.