குல்தஷ்த் கோபுரத்தின் முகங்கள்

இரவுத் தொழுகை முடிந்து ஊர் அடங்கியிருந்த நேரம். கெர்மானிலிருந்து குல்தஷ்துக்குப் போகிற உப்புப் பாதை. ஆள் இல்லை. நாய்கூட இல்லை... குல்தஷ்தில் நாய் காவல் காக்க இனி எதுவும் மிச்சமில்லை.

கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். கணப்பில் கரி இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. இது நம் சீரக வியாபாரி கைகோபாதின் தாய்மாமனுக்கு நடந்தது. கைகோபாத் எடையில் பொய் சொல்வான். இதில் சொல்லமாட்டான்.

மாமன் பெயர் மீர்சா லுத்புல்லா. அமீரின் படைக்குப் பின்னால் போய், அமீர் பிடித்த ஊர்களைப் பற்றி அழகான பார்சியில் எழுதுவது அவர் தொழில். பக்கத்துக்குப் பக்கம் ‘என் இரு கண்ணால் கண்டேன்’ என்று வரும். குல்தஷ்த் விழுந்த அன்று அந்த இரு கண்ணும் கூடாரத்துக்குள் மூடிக் கிடந்தன. முலாம்பழம் தின்ற மயக்கம். சந்தையில், அவிழ்த்துப் பார்க்காத மூட்டைக்கு ஒருவன் விலை சொன்னால் தாடியைப் பிடித்து வெளியே தள்ளுவோம். அரண்மனையில் அவனுக்குப் பட்டு அங்கி போர்த்துவார்கள்.

மீர்சாவுக்கு நௌரூஸ் புத்தாண்டுப் பண்டிகையன்று போர்த்துவதாகத்தான் இருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, குளியல் கூடத்து நீராவிக்கு நடுவே, காஜா ஷம்ஸ் வாயைத் திறந்தார். படையில் வெட்டிய தலைகளை எண்ணும் கணக்கர் அவர். குல்தஷ்தில் நேரில் நின்றவர். நின்றதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற ஜென்மம்.

“மீர்சா, நீங்கதான் கண்ணால பாத்தவராச்சே. தலையெல்லாம் அடுக்கி, மண்ணு பூசி, கோபுரம் கட்டினோமே... மூஞ்சிங்க எந்தப் பக்கம் பாத்திருந்துச்சு? உள்ளயா, வெளியயா?”

மீர்சா காதில் தண்ணீர் புகுந்துவிட்டதாக நடித்தார்.

“அவசரமில்ல, நல்லா யோசிங்க. நௌரூஸ் அன்னைக்கு அமீர் முன்னால கேக்குறேன்.”

கூடத்தில் இருந்தவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். மீர்சா சிரிக்கவில்லை. பொய் சொன்னவனிடம் அமீர் நாக்கை விட்டுவைப்பதில்லை. அமீரைப் புகழ்ந்து சொல்லும் பொய்க்கு மட்டும் விலக்கு உண்டு.

அதனால்தான் அந்தப் பாதை, அந்த நேரம். பகலில் போக முடியுமா? ஏற்கெனவே கண்ணால் கண்டவருக்கு அங்கே மறுபடி என்ன வேலை என்று கேட்பார்களே. கூட வந்தது ஷீர்ஸாத் என்கிற கோவேறு கழுதைக்காரன். ஊர் மதில் தெரிந்ததும் கழுதை நின்றுவிட்டது.

“இதுக்கு மேல வராது, மீர்சா. இதுக்கு என்னமோ தெரியுது.”

“கழுதைக்கு என்னடா தெரியும்?”

“எல்லாம் தெரியும். எழுதத்தான் தெரியாது.”

இறங்கி நடந்தார்கள்... வடக்கு வாசல். கோபுரம். மண் வாசனை, வைக்கோல் வாசனை, அதற்கடியில் நனைந்த தோல் மூட்டையின் வீச்சம். மீர்சா விளக்கைத் தூக்கிப் பிடித்தார். சுவர் முழுக்கப் பின்மண்டைகள். பானைகளைக் கவிழ்த்துப் பதித்ததுபோல. களிமண்ணில் ஒட்டிக் காய்ந்த முடி. ஒரு முகம்கூட வெளியே இல்லை.

“உள்ள பாத்திருக்குடா,” என்றார். சிரிப்பே வந்துவிட்டது. “பொழச்சேன்.”

அவர் கண்ணுக்குத் தெரிந்தது தலைகள் அல்ல. தன்னுடைய நாக்கு.

அப்படியே திரும்பியிருந்தால் கதை இல்லை. ஆனால் மீர்சா மரியாதை தெரிந்தவர் ஆயிற்றே. கல்லறைக்குப் போனால் நாம் என்ன செய்வோம்? கூழாங்கல்லால் கல்லில் தட்டுவோம். உள்ளே இருப்பவனுக்கு, ‘வந்திருக்கிறேன், கேள்’ என்று தெரிவித்துவிட்டு ஃபாத்திஹா ஓதுவோம். மீர்சா குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார்.

“மீர்சா, வேணாம். ஒரு கல்லுக்குக் கீழ ஒருத்தன் இருந்தா தட்டலாம். இங்க யாரைன்னு எழுப்புவீங்க?”

“ஓதாம போனா பாவம்டா, மடையா.”

டொக். டொக்.

ஓத ஆரம்பித்தார். பாதியில் நாக்கு நின்றது. கோபுரத்துக்குள்ளே ஒரு சத்தம்... அக்ரூட் கொட்டை மூட்டையை யாரோ மெதுவாகப் புரட்டுவதுபோல. கரகர... கரகர... காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்து மீர்சாவின் செருப்பில் விழுந்தது. விளக்கு அணையவில்லை. அணைந்திருந்தால் தேவலை.

ஷீர்ஸாத் ஓடிப்போய்க் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டானாம். அந்த இடத்தில் கண்ணை மூடாமல் நின்றது மீர்சா ஒருவர்தான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக.

நௌரூஸ் வந்தது. மீர்சா சபையில் நின்று வாசித்தார். ‘என் இரு கண்ணால் கண்டேன்’ என்ற இடம் வந்ததும் காஜா ஷம்ஸ் எழுந்தார்.

“மூஞ்சிங்க எந்தப் பக்கம் பாத்திருந்துச்சு, மீர்சா?”

மீர்சா அமீரைப் பார்க்கவில்லை. ஷம்ஸையும் பார்க்கவில்லை. மண்டபத்துச் சுவரையே மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னை,” என்றார். “என்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கு.”

சபை மூச்சு விடவில்லை. பிறகு அமீர் தொண்டையைச் செருமி, “கவி மாதிரி சொல்றான்யா,” என்றார். அவ்வளவுதான்... மண்டபம் முழுக்க வாஹ், வாஹ். மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அதே ஆட்கள். ஷம்ஸ்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார். அங்கியைப் போர்த்தினார்கள். மீர்சா அதைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த வருடம் மாதுளை பழுக்கும் முன்பே போய்விட்டார். படுக்கையைச் சுவரிலிருந்து தள்ளிப் போடச் சொல்லிக்கொண்டே இருந்தாராம்... சுவரே இல்லாத முற்றத்து நடுவில் கிடந்தபோதும்.

புதைத்த பிறகு வந்த முதல் வியாழன் மாலை, கைகோபாத் பன்னீர்ச் செம்போடு போனான். கல்லைக் கழுவினான். ஒரு கூழாங்கல்லை எடுத்தான்.

ஒரே ஆளைப் புதைத்த குழி அது. கைகோபாத் ஒரு தட்டுதான் தட்டினான்...

கீழே, மெதுவாக, அக்ரூட் மூட்டை புரண்டது.