இன்னும் கொஞ்சம் முன்னால

– இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளு, சத்தியராஜ். கிளச்சு எட்டல.

– சுயம்பு அண்ணே, இதுக்கு மேல தள்ளினா ஸ்டியரிங்கு உங்க வயித்துல இடிக்கும். பழைய லாரியாக்கும் இது. புதுக் காரு மாதிரி நெனச்ச இடத்துல சீட்டை நிறுத்த முடியாது. இத்தன வருசம் இதே இடத்துல இருந்துதான ஓட்டினிய? அப்பம் எட்டின கிளச்சு இப்பம் எங்க ஓடிப் போச்சு?

– சீட்டு அமுங்கிப் போச்சுல்லா? ஆளு தாந்தா காலு எப்பிடி எட்டும்?

– அமுங்கினதெல்லாம் பழைய கத. அடியில தென்னந்தும்பு அடச்சு, மேல புது ஸ்பாஞ்சு வச்சு, ரெண்டுக்கும் நடுவுல ரப்பர் ஷீட்டு விரிச்சிருக்கேன். இடுப்புக்கு நேராட்டு ஒரு மேடும் எடுத்தாச்சு. இனி கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுக மாலைதான் பாக்கி.

– கேட்டியாட்டி முத்துக்கனி? மாப்பிள்ளையாம்! கீழ நின்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காம, ஏறி வந்து உனக்க மாப்பிள்ளையப் பாரு.

– நான் ஏறல. நீங்க ஏறின சீரைத்தான் பாத்தேனே. காலை ஊணாம, கையக் கொண்டு தொங்கில்லா ஏறினிய.

– டிரைவருன்னா கம்பியக் கையால பிடிச்சுத்தாண்டி ஏறுவான்.

– இஞ்ச பாருங்க, நாம பேசினது பேசினதுதான். இந்தச் சீட்டுக் கடையில இருந்து அய்யாவுக்க நிழல்தாங்கல் கோயில் வரைக்கும் லாரிய ஓட்டித் திரும்பி வந்துட்டியன்னா, நான் வாயத் தொறக்க மாட்டேன். நாளைக்கு வாழக்குலை ஏத்திக்கிட்டு திருவனந்தபுரத்துக்குப் போங்க. முடியலன்னா லாரிய விக்கணும். நீங்க எனக்க கூட ஆசுபத்திரிக்கு வரணும்.

– ஆசுபத்திரியில என்ன சொன்னான்? முதுகுல கத்தி வைக்கணும்னான். கத்தி வச்சவன் எவன் திரும்பி ஸ்டியரிங்கு பிடிச்சான்?

– அதுக்குப் பயந்துதான வர்ம ஆசான்கிட்ட போனிய? அவரு சொன்னதையாவது கேட்டியளா? எண்ணெய் தடவி விட்டுட்டு, ஒரு மண்டலம் முடியுக வரைக்கும் உக்காரவே கூடாது, படுத்துத்தான் இருக்கணும்னாரு. அந்த எண்ணெய் காயுகதுக்குள்ள லாரியில ஏறி உக்காந்திய.

– குலை ஏத்துகவன் ஒரு மண்டலம் காத்துக்கிட்டு நிப்பானா? நாளைக்கு நான் போகலன்னா லோடு மத்த லாரிக்காரன் லிபினுக்கு. ஒருக்கா அவன் கைக்குப் போனா பெறகு நமக்கு இல்ல. ஆசானுக்க வைத்தியமும் நல்ல வைத்தியந்தான். இந்தச் சீட்டுதான் அதைக் கெடுத்தது.

– மைனி, அண்ணன் சொல்லுகதுலயும் ஞாயம் உண்டு. பழைய சீட்டுல சுருள்கம்பி ஒடஞ்சு, முதுகுலதான் குத்திக்கிட்டு இருந்துது.

– நீயும் கூடச் சேந்து பாட்டுப் பாடு. வலத்தே வலிக்குன்னாரு, நீ இடத்தே ஒசத்தின. இடத்தே வலிக்குன்னாரு, வலத்தே ஒசத்தின. இவரு கோணினதுக்கெல்லாம் சீட்டைக் கோணிக் குடுத்த. மனுசன நேராக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணல.

– நான் சீட்டு தைக்கவன், மைனி. கர்த்தரு எனக்கு அந்த வேலையத்தான் தந்தாரு.

– போதும். லாரிய வித்துட்டு நான் என்னட்டி செய்ய? வாசல்ல கெடந்து, ரோட்டுல போற ஹாரனைக் கேட்டு, இது இன்னாருக்க வண்டி, அது இன்னாருக்க வண்டின்னு சொல்லிக்கிட்டு இருக்கவா?

– சொல்லுங்க. உயிரோட இருந்து சொல்லுங்க. நான் பக்கத்துல இருந்து கேக்குகேன்.

– ...ஏலே சத்தியராஜ், தள்ளுலே.

– தள்ளியாச்சு, அண்ணே. போல்ட்டும் முறுக்கியாச்சு. இனி தள்ள இடமில்ல. மிதிச்சுப் பாருங்க.

– மிதிக்கேன்.

– மிதிங்க.

– மிதிச்சுக்கிட்டுதான இருக்கேன்?

– அண்ணே... காலு பெடலுக்கு மேலதான் இருக்கு. பெடலு அனங்கல, அப்பிடியே நிக்குது.

– பொய் சொல்லாதல. எனக்கு ஒண்ணும் தட்டுப்படல.

– மைனி, ஏறி வாங்க. சட்டுனு வாங்க.

– இஞ்ச பாருங்க. காலைப் பிடிச்சிருக்கேன். தெரியுதா?

– எந்தக் காலை?

– ரெண்டையும்.

– ...அழுத்திப் பிடி.

– நகம் பதிய அழுத்தியிருக்கேன். அய்யாவே, என்ன சோதன இது!

– ஏறும்போ வலிச்சுதே, முத்துக்கனி. உயிரு போக வலிச்சுது. உக்காந்த பெறகு பையப் பைய வலி நின்னுது. புதுச் சீட்டு நல்லாட்டுப் பிடிச்சுப் போச்சுன்னுல்லா நான் நெனச்சேன்.

– ஒண்ணும் ஆகாது. எனக்க தோளைப் பிடிங்க. இறங்குவோம்.

– வேண்டாம் மைனி, இடுப்ப வளைக்கக் கூடாது. நான் ஆம்புலன்சுக்கு போன் அடிக்கேன். சந்துல நிக்கவனுவளையும் கூப்பிடுகேன். நாலு பேரு பிடிச்சா அனங்காம இறக்கிரலாம்.

– எல்லாத்தையும் கூப்பிடு. ஆனா என்னை ஒருத்தனும் அக்குள்ல கை குடுத்துத் தூக்க வேண்டாம். ஸ்பானரை எடு, சத்தியராஜ். சீட்டைக் கழட்டு. என்னை அதோட சேத்து இறக்கு.