பிழை அவருடையதே

அடுத்தவர் எழுதியதை மேற்கோளாகக் காட்டும்போது ஓர் எழுத்தைக்கூடத் தொடாதவன் நான். அதில் பிழை இருந்தால், பக்கத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு 'சிக்' என்று எழுதுவது ஆங்கில வழக்கம். மூலத்தில் இப்படித்தான் இருக்கிறது, பிழை என்னுடையதல்ல என்று பொருள். ஒருவரை முட்டாளாக்க இதைவிடச் சுருக்கமான, நாகரிகமான வழி கிடையாது.

ஆலையில் இயக்குநர்களுக்கு ஆங்கில அறிக்கை எழுதுவது என் வேலை. என் தங்கை கணவர் அங்கேயே கொதிகலன் பார்ப்பவர். கொதிகலன் அறையில் எரிவாயு கசிகிறது என்று அவரே ஆங்கிலத்தில் புகார் எழுதிக் கொண்டுவந்தார்.

"தப்பு கிப்பு இருந்தா திருத்திடுங்க மச்சான். இங்கிலீஷ்ல சொன்னாத்தான் மேல இருக்கறவங்க காதுல ஏறும்."

கசிவு என்று பொருள்படும் 'லீக்'கில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டிருந்தார். உச்சரிப்பு அதேதான். பொருள்தான் வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்கறி ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட சில்லறைப் பிழையை ஓசைப்படாமல் திருத்திவிடலாம். மேற்கோளே இல்லாமல் என் சொற்களிலும் எழுதியிருக்கலாம். இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் அப்போதுதான் தங்கை, "இவரு இப்ப இங்கிலீஷ்ல பொளந்து கட்டுறாரு அண்ணா" என்று என்னிடமே பெருமையடித்திருந்தாள். புகாரை மேற்கோள்குறிக்குள் அப்படியே வைத்து, 'சிக்' போட்டேன்.

கூட்டத்தில் தலைவர் அதை உரக்கப் படித்தார். "கொதிகலன் அறையில காய்கறிக் கடை போட்டிருக்காரா? அப்படியே ஒரு சூப்பும் வெக்கச் சொல்லுங்க." எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் அளவாகச் சிரித்தேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

கொதிகலன் அறை வெடித்தபோது உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். மாப்பிள்ளையை நான்தான் கைக்கடிகாரத்தை வைத்து அடையாளம் காட்டினேன்.

தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உன்கிட்டதானே அண்ணா எழுதிக் குடுத்தாரு?"

"ஆமாம்மா. ஒரு எழுத்தைக்கூட நான் மாத்தல" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

கொதிகலன் அறைச் சுவரை ஒட்டியிருந்த என் மேசையை ஏன் அடுத்த கட்டடத்துக்கு மாற்றினேன் என்று இந்த விசாரணையில் கேட்கிறீர்கள். உண்மைதான், அந்த அறிக்கையை எழுதுவதற்கு முன்பே மாற்றிக்கொண்டேன். அவ்வளவு வாயு நாற்றத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷன் எப்படிங்க ஐயா பிழையில்லாமல் எழுதுவது?